ஒற்றைப் பிள்ளையும் மைசூர்ச் சீமையும்

“ஒரு கண் கண்ணல்ல, ஒரு பிள்ளை பிள்ளையல்ல.” மைசூரில் இதைக் கன்னடத்திலும் சொல்வார்கள், தமிழிலும் சொல்வார்கள். என் மாமியார் இரண்டிலும் சொன்னார். மகாபாரதத்தில் சந்தனு மகாராஜாவும் ஏறத்தாழ இதையேதான் சொல்லிப் புலம்புகிறார், அதுவும் தேவவிரதனைப் போன்ற மகனிடமே. அப்பாவின் குறையைத் தீர்க்கப் போய் அவன் பீஷ்மரானதும், கதை குருக்ஷேத்திரத்தில் முடிந்ததும் ஊரறிந்தது. ஒரே மகன் போதும் என்று சந்தனு இருந்திருந்தால் வியாசருக்கு இத்தனை எழுத வேண்டியிருந்திருக்காது.

1984-இல் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளோடு நிறுத்திக்கொண்டோம். அப்போது சர்க்காரே இரண்டு வரை சரி என்றது. “ஆரதிகொப்பளு மகளு, கீர்த்திகொப்ப மக” என்று பஸ் முதுகிலெல்லாம் எழுதியிருக்கும். ஆரத்தி எடுக்க ஒரு பெண், பேர் சொல்ல ஒரு பிள்ளை. “பேர் சொல்ல யாரம்மா இருக்கா?” என்று மாமியார் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். பதிலைச் சரித்திரத்தில்தான் தேடினேன். நல்லவேளை, சொந்த ஊரிலேயே கிடைத்தது.

1930 ஜூன் 11. கருத்தடை ஆலோசனை நிலையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கலாம் என்று மைசூர் சமஸ்தானம் ஆணை பிறப்பித்தது. ஓர் அரசாங்கமே இப்படிச் செய்தது உலகத்தில் அதுதான் முதல்முறை என்பார்கள். திவான் சர் மிர்சா இஸ்மாயில். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். அந்த நாளில் அமெரிக்காவில் கருத்தடைச் சாதனத்தைத் தபாலில் அனுப்பினால் குற்றம். டாக்டர்களுக்கு விலக்குக் கிடைக்கவே 1936 ஆயிற்று. இதில் வேடிக்கை, ஆணை பிறந்த அரண்மனையில் பிள்ளை இல்லை. 1940-இல் மகாராஜாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் தம்பி மகன் ஜெயசாமராஜ உடையார். அரச வம்சத்துக்கு வாரிசு இல்லாமல் போகத் தலக்காட்டு அலமேலம்மா இட்ட சாபம் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். வாரிசுக்கு ஏங்கிய அரண்மனைதான் குடிமக்களிடம், பெறுவதும் பெறாததும் உங்கள் இஷ்டம் என்றது.

வானத்திலிருந்து குதித்த ஆணையல்ல அது. 1881-இலேயே இங்கே பெண்களுக்கு மகாராணி பள்ளி. தொடங்கியவர் அம்பில் நரசிம்ம ஐயங்கார். 1894-இல் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டம். எட்டு வயதா என்று இன்றைக்கு நாம் சிரிக்கலாம். அன்றைக்கு அதற்கே பெரிய எதிர்ப்பு. படிக்கவை, கல்யாணத்தைத் தள்ளிப்போடு, பிறகு பிரசவத்தை அவளே தீர்மானிக்கட்டும். ஐம்பது வருஷத்தில் மூன்று படி.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் ஈ.வெ.ரா. இன்னும் துணிந்து பேசினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்கும் குடும்பச் செலவுக்கும் கர்ப்பத்தடை வேண்டும் என்றார்கள்; அவரோ பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். ஒரே பிள்ளையால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் எல்லோரும் பிள்ளைக்கு என்ன லாபம் என்றே பார்க்கிறார்கள். முதல் லாபம் தாய்க்கு. என் பாட்டி பத்துப் பெற்றாள், நான்கு தங்கின. அவள் என்ன படிக்க ஆசைப்பட்டாள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, அவளுக்கும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு பின்னடைவு. மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. சாதனம் எதுவும் கூடாது, நாள் பார்த்து விலகியிருந்தால் போதும் என்பது அவர் கட்சி. 1950-களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு அதைச் சோதிக்கத் தேர்ந்த இடங்களில் ஒன்று மைசூர் ரயில் பாதையில் இருக்கும் ராமநகரம். நாள் எண்ணப் பெண்களுக்குக் கலர் மணிமாலை கொடுத்தார்கள்; சிவப்பு மணி வந்தால் ஆகாது, பச்சை வந்தால் ஆகும். தாயத்துப் போல மாலையைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்தவர்களும் உண்டாம். கணவனிடம் “இன்றைக்குச் சிவப்பு” என்று சொல்லும் உரிமையை எந்த மாலை தரும்?

பிள்ளையின் பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் லக்ஷ்மிபுரத்தில் ஒற்றைப் பெண்ணை வளர்த்த அப்பா ஒருவர் இருந்தார், எழுத்தாளர் ஆர்.கே. நாராயண். அவரே ஒரு வகையில் ஒற்றைப் பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் பலர் இருந்தும், புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில் பாட்டியிடம் தனியே வளர்ந்தார்; ஒரு மயிலும் ஒரு குரங்கும் விளையாட்டுத் துணை. கருத்தடை ஆணை வந்த அதே 1930-இல்தான் அவர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1934-இல் கல்யாணம். 1939-இல் மனைவி ராஜம் டைபாய்டில் போய்விட்டார். மகள் ஹேமாவுக்கு மூன்று வயது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆபீஸ் போகாத அப்பா, பாட்டி, படம் போட்டுக்கொண்டிருக்கும் சித்தப்பா லக்ஷ்மண். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த ஒற்றைக் குழந்தையைத் தனிக்குழந்தை என்பதா? 1956-இல் அவளுக்குக் கல்யாணமான பிறகுதான் அவர் அமெரிக்கா கிளம்பினார். பெர்க்லியில் ‘தி கைடு’ நாவல் பிறந்தது.

நாங்கள் குடியிருந்தது ஒரு வடாரம். சென்னையில் ஸ்டோர் என்பார்களே, அதுபோல ஒரு முற்றம், ஆறு குடித்தனம். தசராவில் பிள்ளைகள் கூட்டமாக “பொம்பெ கூர்ஸித்தீரா?” (கொலு வைத்திருக்கிறீர்களா?) என்று வீடு வீடாகக் கேட்டுப் போய்ச் சுண்டலோடு வருவார்கள். என் மகள் அதில் ஒருத்தி. வீட்டில் அவளுக்குப் போட்டியில்லை. முற்றத்தில் போட்டிக்குப் பஞ்சமில்லை. என் ஒரு சம்பளத்தில் வீணை, புத்தகம், பிறகு வெளியூர் ஹாஸ்டல் எல்லாம் கட்டுப்படியானது. இரண்டு இருந்திருந்தால் வீணையை முதலில் நிறுத்தியிருப்போம்.

ஒற்றைப் பிள்ளை செல்லத்தில் கெடும் என்ற பேச்சு மேல்நாட்டில் 1890-களில் புத்தகமேறியது. 1986-இல் ஆய்வாளர்கள் டோனி ஃபால்போவும் டெனிஸ் பொலிட்டும் 115 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சாதிக்கும் ஆர்வத்தில் ஒற்றைப் பிள்ளைகள் ஒரு படி முன்னால். பழகும் குணத்தில் மற்றவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. மாமியார் இருந்தபோது இதைப் படித்துக் காட்ட முடியவில்லை. காட்டியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

இருக்கும் ஒன்றுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ற மாமியாரின் பயத்திலும் நியாயம் உண்டு. 1994-இல் ஹேமா புற்றுநோயில் காலமானார். நாராயணுக்கு வயது 87. பிறகு 2001-இல் அவர் மறையும்வரை பேத்திதான் பார்த்துக்கொண்டாள். அந்தப் பேத்தி இல்லாத வீடுகளும் உண்டு. முதுமைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு பெண் இன்னொரு முறை பிரசவ அறைக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முதியோர் கவனிப்பு ஊருக்கும் அரசுக்கும் உள்ள வேலை. 1930-இல் முந்திக்கொண்ட மைசூர் இதில் பின்தங்கித்தான் இருக்கிறது.

இன்று கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு குழந்தைகூட இல்லை. ஒன்றோடு நிறுத்துவது இனி அதிசயமில்லை. ஆகவே அத்தைமார்களே, மாமிமார்களே, கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தப் பெண்ணைப் பிடித்து “அடுத்தது எப்போ?” என்று கேட்காதீர்கள். அவள் குழந்தையை ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டில் விளையாட விடச் சொல்லுங்கள்.