உரோமாபுரிக்குச் சோறளித்த சக்கரவர்த்தி

பழைய உரோமரின் சரித்திரத்தைப் படிப்போர் யூலியஸ் சீசரின் வீரத்தையும் நீரோவின் கொடுமையையுமே பெரிதாகப் பேசுவர். நீரோவுக்கு முன் ஆண்ட குளோடியஸ் என்னும் சக்கரவர்த்தியை நினைப்பார் சிலரே. அரச குடும்பத்தாரே ஏளனஞ் செய்த அவனை, அந்நகரத்து ஏழைகளின் வயிற்றை முன்வைத்து நோக்கினால் வேறொருவனாகத் தோன்றுவான்.

கி. மு. 10 ஆம் ஆண்டிற் பிறந்த குளோடியஸ் சிறு வயது முதலே நோயாளி. கால் தளர்ந்து நடப்பான், பேச்சும் திக்கும். இயற்கை தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்ட படைப்பென்று பெற்ற தாயே இகழ்ந்தாள் என்பர். நெடுங்காலம் தக்க பதவி எதுவும் கிடையாமையால் அவன் ஏடுகளில் மூழ்கி, எத்துருஸ்கரின் சரித்திரத்தை 20 பாகங்களில் எழுதினான். கி. பி. 41 ஆம் ஆண்டில் தமையன் மகனாகிய கலிகுலா கொலையுண்டபோது, அரண்மனைத் திரைச்சீலையின் பின்னே நடுங்கி ஒளிந்திருந்தவனைக் காவற்படையினன் ஒருவன் வெளியே இழுத்தான். உயிர்ப்பிச்சை கேட்டுக் காலில் விழுந்தவனை அவன் சக்கரவர்த்தியென வாழ்த்தினானாம்! அவ்வாழ்த்துக்கு விலையும் இருந்தது. வீரர் ஒவ்வொருவருக்கும் 15,000 செஸ்தேர்ஸ் நாணயம் தருவதாகக் குளோடியஸ் வாக்களித்தான்.

அக்காலத்து உரோமாபுரியில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்தனர் என்று கணிப்பர். செல்வர்க்கு முற்றமும் தோட்டமும் உள்ள மனைகள். ஏழைகளுக்கோ பல மாடிகள் உயர்ந்த வாடகைக் கட்டடங்கள். மேன்மாடியிற் குடியிருந்தோருக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை; பெரும்பாலும் சமையலறையும் இல்லை. தெருவிலுள்ள தொட்டியிற் குடத்தை நிரப்பிக்கொண்டு படியேறுவர். கூழும் ரொட்டியுமே அவர்களின் முக்கிய உணவு. அந்த ரொட்டிக்கு வேண்டிய கோதுமையிற் பெரும்பகுதி எகிப்திலும் வட ஆபிரிக்காவிலும் விளைந்து கடல் கடந்து வந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆண் குடிகளுக்கு அரசாங்கம் மாதந்தோறும் இலவசமாகத் தானியம் அளந்தது. அடிமைகளுக்கு அந்த உரிமை இல்லை.

மாரிக்காலத்திற் கப்பலோட்டம் பெரிதும் நின்றுவிடும். கி. பி. 51 ஆம் ஆண்டில் தட்டுப்பாடு வந்தபோது, நகரிற் பதினைந்து நாளுக்கே உணவு எஞ்சியிருந்தது என்று தாசித்தஸ் எழுதுகிறார். பொதுச் சதுக்கத்திலே சக்கரவர்த்தியைச் சனக்கூட்டம் வளைத்துக்கொண்டது. வசைமொழிகளோடு ரொட்டித் துண்டுகளும் அவன்மேல் விழுந்தன. பின்வாசல் வழியாக அரண்மனைக்குள் புகுந்து தப்பினான். பிரித்தானியாவிற் படை செலுத்தி வெற்றிவிழாக் கொண்டாடியவன், ரொட்டித் துண்டுக்கு அஞ்சி ஓடினான்!

அவனோ பசியின் காரணத்தை அறிந்தவன். மாரிக்காலத்தில் தானியங் கொணரும் வணிகருக்குப் புயலால் நேரும் நட்டத்தைத் தானே ஏற்பதாக அறிவித்தான். தைபர் நதிமுகத்தருகே 42 ஆம் ஆண்டிலேயே பெரிய துறைமுகம் ஒன்றைத் தொடங்கியிருந்தான். செலவு தாங்காது என்று சிற்பிகள் எச்சரித்தும் கேட்கவில்லை. எகிப்திலிருந்து கற்றூண் கொணர்ந்த பெருங்கப்பலை அமிழ்த்தி அதன்மேல் வெளிச்சவீட்டை எழுப்பினர். ஆயினும் அத்துறைமுகம் குறையற்றதன்று. 62 ஆம் ஆண்டுப் புயலில் அதனுள் நின்ற 200 கப்பல்கள் அழிந்தன. பின்வந்த திராஜனே உள்ளே அறுகோணக் குளமொன்றைத் தோண்டுவித்து அக்குறையைத் தீர்த்தான். கலிகுலா தொடங்கிய இரு நீர்க்கால்வாய்களையும் குளோடியஸ் 52 ஆம் ஆண்டில் முடித்தான். அவற்றுள் ஒன்று சுமார் 43 மைல் நீளமுடையது. அதனைத் தாங்கிய கல்வளைவுகளை இன்றும் காணலாம்.

இவனை உத்தமனென்று கொள்ளவேண்டா. மூதவை உறுப்பினர் 35 பேரைக் கொல்வித்தவன். மனிதர் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் விளையாட்டை விரும்பிப் பார்த்தவன். ஆனால், நோயுற்ற அடிமைகளை எசமானர் தைபர் நதித் தீவிலே கைவிட்டபோது, பிழைத்தெழுந்தவர் விடுதலை பெற்றவரென்றும், அத்தகையோரைக் கொல்வது கொலைக்குற்றமென்றும் விதித்தவனும் இவனே. தானும் கைவிடப்பட்ட நோயாளியன்றோ! 54 ஆம் ஆண்டில் இறந்தான்; மனைவி அகிரிப்பினா காளானில் நஞ்சிட்டாள் என்பது பழைய ஆசிரியர் கூற்று.

இவன் காலத்திலே, செங்கடல் வரி சேகரித்த ஒருவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன் காற்றில் அகப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தான் எனப் பிளினி எழுதியுள்ளார். அவனிடமிருந்த உரோம வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு அரசரின் தலைகள் இருந்தும் நிறை ஒன்றாயிருத்தலைக் கண்டு நம் நாட்டு மன்னன் வியந்து, நான்கு தூதரைக் குளோடியஸிடம் அனுப்பினானாம். உரோமாபுரி சென்ற அத்தூதர், அங்கே தம் நிழல் வடக்கு நோக்கி விழுவதைக் கண்டு அதிசயித்தனர் என்றும் அவர் குறித்துள்ளார்.