சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்

இன்னைக்கு எபிசோட் ஒரு எலுமிச்சம்பழத்துல ஆரம்பிக்குது.

போன வருஷம் எங்க வீட்டுக்கு முதல் கார் வந்தது. அப்பா ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்தோட, கொஞ்சம் லோனும் போட்டு வாங்கினோம். ஷோரூம் வாசலில் மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அப்பா மெதுவா வண்டியை நகர்த்தினார். நாலும் நசுங்கியது. எல்லாரும் கை தட்டினோம்.

மூணாவது வாரம், தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போது வண்டி திடீர்னு ஆஃப் ஆகி நின்றது. பின்னாடி ஒரு லாரி. அது எப்படியோ ஒதுங்கிப் போனதால்தான் இந்த எபிசோடே இருக்கு. சர்வீஸ் சென்டருக்கு ஐந்து தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் ஒரு பார்ட்டை மாற்றினார்கள். "காரையே திருப்பி எடுத்துக்கங்க"ன்னு நான் கேட்டப்போ மேனேஜர் சிரித்தார். "ஷோரூம் கேட்டைத் தாண்டிட்டா அது உங்க வண்டி சார்."

சரி, அப்படின்னு யார் முடிவு பண்ணது? இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. வாங்க, அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே இந்த மாதிரிப் பழுதோட வர்ற புது காருக்குப் பேரே 'லெமன்'. ஆமா, நாம திருஷ்டிக்கு வைக்கிற அதே எலுமிச்சம்பழம்தான்.

வருஷம் 1955. நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒருவர், அன்னையர் தினப் பரிசாக மனைவிக்கு ஒரு புது பிளிமத் கார் வாங்கினார். கார் வீட்டுக்கு வந்து பத்தே நாள். மீட்டரில் 468 மைல். மனைவி ஓட்டிக்கொண்டு போகும்போது அடியில் ஏதோ உடைந்த மாதிரி சத்தம். ஸ்டீயரிங் தானாகச் சுழன்றது. கார் வலது பக்கம் பாய்ந்து சுவரில் மோதியது.

டீலர் என்ன சொன்னார்? ஒப்பந்தத்தைத் திருப்பிப் பாருங்க என்றார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 90 நாள் அல்லது 4,000 மைல், எது முதலில் வருதோ அதுவரை, பழுதான பார்ட்டை மாற்றித் தருவோம். அதைத் தவிர வேறெந்தப் பொறுப்பும் இல்லை. கீழே கையெழுத்து போட்டது நீங்கதானே?

1960-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைத் தூக்கிப் போட்டது. காரணம் சுவாரஸ்யமானது. அந்த நாட்டின் பெரிய கார் கம்பெனிகள் எல்லாமே ஒரே மாதிரி வாரண்டியைத்தான் வைத்திருந்தன. இந்தக் கடையில் பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போய் என்ன பயன்? அங்கேயும் அதே பொடி எழுத்துதான். பேரம் பேசவே வழியில்லாத ஒருத்தர் போட்ட கையெழுத்தைச் சம்மதம்னு எப்படி எடுத்துக்கிறது என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி.

ஆனால் அது விபத்து வழக்கு. யாருக்கும் அடிபடலை, கார் மட்டும் சரியில்லைன்னா? அதற்கு இன்னும் ஏழு வருஷம் காத்திருக்கணும்.

1967 பிப்ரவரி. அதே நியூ ஜெர்சி. ஸ்மித் என்பவர் ஒரு புது செவ்ரோலே பிஸ்கேன் வாங்கினார். பாக்கித் தொகை 2,069 டாலர் 50 சென்ட். செக் கொடுத்துவிட்டார். காரை எடுக்கப் போனது அவர் மனைவி. வீடு இரண்டரை மைல் தூரம்தான். முக்கால் மைல்கூடத் தாண்டலை, சிக்னலில் கார் நின்றது. ஸ்டார்ட் பண்ணி நகர்த்தினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. பாதி வழியில் கியரே சரியாக விழவில்லை. கடைசியில் கணவர் வந்து, மாட்டு வண்டி வேகத்தில் வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார்.

ஸ்மித் உடனே பேங்குக்குச் சொல்லி செக்கை நிறுத்தினார். டீலருக்கும் தகவல் சொன்னார்: நீங்க எனக்கு ஒரு லெமனை வித்துட்டீங்க, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க.

டீலர் காரைக் கட்டி இழுத்துப் போய், ஷோரூமில் நின்ற இன்னொரு காரின் டிரான்ஸ்மிஷனைக் கழற்றி இதில் மாட்டினார். "ரெடி, வந்து எடுத்துக்கங்க." ஸ்மித் போகவே இல்லை. டீலர் கேஸ் போட்டார். டீலரின் வாதமும் நம்ம மேனேஜர் சொன்னதேதான்: ஓட்டிக்கிட்டுப் போயாச்சு, அப்புறம் என்ன?

1968-ல் தீர்ப்பு வந்தது. ஒரு காரை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. வீட்டுக்கு ஓட்டிப்போன அந்தச் சில நிமிஷங்கள்தான் அந்தச் சோதனை என்றார் நீதிபதி. அடுத்தது இன்னும் முக்கியம். புது கார் என்பது பெரும்பாலானவர்களுக்குப் பெரிய முதலீடு. பயமில்லாமல் ஓட்டலாம் என்கிற நிம்மதிக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை ஒருமுறை ஆட்டம் கண்டுவிட்டால், எங்கிருந்தோ கழற்றி மாட்டின பார்ட் அதைச் சரிசெய்யாது. ஸ்மித் ஜெயித்தார். முன்பணமும் திரும்பக் கிடைத்தது.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. செக்கை நிறுத்த முடிந்ததால் பணம் ஸ்மித் கையில் இருந்தது. கோர்ட்டுக்கு அலைய வேண்டியவர் டீலர். இன்னைக்கு நமக்கு? லோன் பணம் டெலிவரிக்கு முன்னாடியே டீலருக்குப் போய்விடுகிறது. கார் ஷெட்டில் நின்றாலும் மாசம் பிறந்தால் இஎம்ஐ போகும். அலைய வேண்டியது நாமதான்.

அமெரிக்காவிலும் எல்லோருக்கும் ஸ்மித் மாதிரி வாய்க்கவில்லை. அதனால் 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதல் 'லெமன் சட்டத்தை' கொண்டு வந்தது. முன்னின்று கொண்டு வந்தவர் ஜான் வுட்காக் என்ற சட்டமன்ற உறுப்பினர். இதில் எல்லாருக்கும் புரிகிற ஒரு கணக்கு இருந்தது: ஒரே பழுதுக்கு நாலு தடவை முயன்றும் சரியாகலைன்னா, இல்லை மொத்தமா 30 நாள் கார் ஷெட்டிலேயே கிடந்தால், வேற கார் கொடு அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு. பிறகு 50 மாநிலங்களிலும் லெமன் சட்டம் வந்துவிட்டது.

நம்ம ஊர்ல? லெமன் சட்டம்னு தனியா எதுவும் கிடையாது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதை நீக்கு, பொருளை மாற்று, பணத்தைத் திருப்பு என்று மூன்று வழியையும் வைத்திருந்தது. ஆனால் எத்தனை தடவைக்கு அப்புறம் என்கிற கணக்கு இல்லை. 2006-ல் மாருதி உத்யோக் மேல்முறையீடு செய்த ஒரு கிளட்ச் வழக்கில், வாரண்டி சொல்வது பழுதான பார்ட்டை மாற்றுவதைத்தான், காரையே மாற்றுவதை அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதனால் உற்பத்திக் குறைபாடு என்று நிரூபிக்கிற பாரம் நம்ம தலையில். 2019-ம் வருஷச் சட்டம் ஒரு நல்லது செய்தது: நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

நாங்களும் கொடுத்திருக்கோம். எங்ககிட்ட இருக்கிற ஆதாரம் ஐந்து ஜாப் கார்டு. நீங்களும் ஒவ்வொரு தடவையும் "என்ன பிரச்சினை"ன்னு அதில் எழுத வைத்து, ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கங்க. "சும்மா செக் பண்ணோம் சார்"னு வாயால சொல்றது எந்த ஆணையத்திலும் செல்லாது.

ஐந்தாவது ரிப்பேருக்கு அப்புறம் கார் நிற்கவே இல்லை. டீலர் பக்க வக்கீல் அதைத்தான் சொல்றார்: வண்டி இப்போ நல்லா ஓடுதே, அப்புறம் என்ன?

அப்பா இப்போ காய்கறி மார்க்கெட் வரைக்கும்தான் காரை எடுக்கிறார். போன மாசம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணம். சாவியைக் கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு "பஸ்லயே போயிடலாம்"னு கிளம்பினார்.

நியூ ஜெர்சி நீதிபதி 1968-ல் சொன்னது இதைத்தான். எங்க கேஸ் அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கு. முடிவு வந்ததும் இங்கேயே சொல்றேன்.