பென்சிலில் எழுதிய மதிப்புரைகள்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய காலிகோ பைண்டு புத்தகம் ஒன்று கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. பக்கத்துக்குப் பக்கம் நகைச்சுவைத் துணுக்கு, பல்பொடி விளம்பரம். என் வயதுக்காரர்களுக்கு இந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி இரண்டு பக்கங்களைக் காணோம். ஆனால் பின்னட்டையின் உள்பக்கத்தில் யாரோ ஒரு பெண் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்: "கடைசிப் பக்கம் கிழிந்துவிட்டது. கவலைப்படாதீர்கள். இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள்."

அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டது இவளைப் போன்றவர்களோடுதான்.

நான் பிறந்தது 1951இல், புதுச்சேரியில். படிப்பு முழுக்க பிரெஞ்சில். வீட்டில் தமிழ் பேசுவோம். எழுத்து என்றால் பிரெஞ்சுதான். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவே. பதினாறு வயதில் என் சித்தி வைத்திருந்த டெல்லி நாவல்களை ஒன்று விடாமல் படித்தேன். டெல்லி என்றால் நம் தலைநகரம் இல்லை. பிரான்சில் கோடிக்கணக்கில் விற்ற ஒரு புனைபெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது ழான் மரி, ஃப்ரெதெரிக் என்ற அக்காவும் தம்பியும். ஏழைப் பெண், கர்வம் பிடித்த பணக்காரன், கடைசியில் கல்யாணம். பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைக் கேலியாகப் 'பன்னீர் நாவல்கள்' என்பார்கள். கேலி செய்தவர்கள் வீட்டிலும் அவை இருந்தன.

1973இல் கல்யாணமாகிக் கோடைக்கானல் வந்தேன். 1978இல் என் கணவர் போய்விட்டார். அவர் அரசு ஊழியர் என்பதால் மறுவருடம் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. தமிழைப் பாடமாகப் படிக்காதவர்கள் தமிழ் மொழித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிலைக்காது. கையில் ஒரு குழந்தை, வீட்டில் மாமியார். எனக்குக் 'கோப்பு' என்று எழுதினால் ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று சந்தேகம்.

அலுவலகத்தில் ஒரு அக்கா சொன்னார்: "இலக்கணப் புத்தகத்தை மூடி வைம்மா. மூஞ்சிக்கல்லில் லெண்டிங் லைப்ரரி இருக்கு. கதைப் புத்தகம் எடுத்துப் படி. தமிழ் தானா வரும்." புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. முதல் நாவலை முடிக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. இருபதாவது நாவலை ஒரே இரவில் முடித்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கமும் என் அபிப்பிராயமும் நோட்டில் எழுதிப் பழகினேன். தேர்வுக்காக ஆரம்பித்த பழக்கம், தேறிய பிறகும் விடவில்லை.

அப்படிப் படிக்கும்போதுதான், இந்தக் காதல் நாவல்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதில் நம் மலையடிவாரத்துக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தது.

காட்ரோடு வழியாக இறங்கினால் வத்தலக்குண்டு. அங்கே 1872இல் பிறந்தவர் பி.ஆர்.ராஜமய்யர். இருபத்தொரு வயதில் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1893 முதல் 1895 வரை வந்தது. இருபத்தாறு வயதில் இறந்துவிட்டார். அதை வேதாந்த நாவல் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் கதையின் அச்சாணி எது? மனைவியைப் பற்றி ஊர் கட்டிவிட்ட அபவாதத்தைக் கணவன் நம்பிவிடுகிறான். வீட்டை விட்டுப் போகிறான். பிறகு உண்மை தெரிந்து சேர்கிறார்கள். இன்றைய காதல் நாவல்களில் பாதிக்கு மேல் இதே சங்கதிதான். தப்பாகப் புரிந்துகொண்ட ஆண், வாய் திறக்காத பெண், காலம் கடந்து தெரியும் உண்மை.

அடுத்து வை.மு.கோதைநாயகி அம்மாள். ஐந்து வயதிலேயே கல்யாணம். எழுதப் பழகாத காலத்தில் தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவரை எழுதச் செய்தார். 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த எனக்கு இந்த அம்மாளின் கதை எவ்வளவு தைரியம் தந்தது என்று சொல்லி முடியாது.

பிறகு லட்சுமி. இயற்பெயர் திரிபுரசுந்தரி, மருத்துவர். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே செலவுக்காக விகடனில் கதை எழுதியவர். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்து திரும்பினார். 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது பெற்றார். நடுத்தரக் குடும்பத்துப் பெண் சம்பாதிக்கப் போனால் என்னவாகும் என்பதை அடுப்படியில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதினார்.

அறுபதுகளின் கடைசியிலிருந்து மாத நாவல்கள் வந்தன. ராணி முத்து, மாலைமதி என்று பெட்டிக்கடையிலேயே கிளிப்பில் தொங்கும். முழு நாவல், சில்லறைக் காசில். பஸ் ஏறும்முன் வாங்கினால் வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றாதவர்களுக்கு. இந்தக் காலத்தில் வளர்ந்து எல்லோரையும் தாண்டிப் போனவர் ரமணிசந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். பெரும்பாலும் அருணோதயம் வெளியீடு. இங்கிலாந்தில் 1908இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் புத்தகங்களோடு இவரை ஒப்பிடுவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. இவர் கதையில் வரம்பு மீறிய வரி இருக்காது. மகள் படித்ததை அம்மா படிக்கலாம், பிறகு பாட்டி படிக்கலாம். எங்கள் லைப்ரரியில் இவருடைய புத்தகத்துக்கு எப்போதும் நாலு பேர் காத்திருப்பார்கள்.

இவ்வளவு பேர் படித்த புத்தகங்களுக்கு மதிப்புரை எத்தனை வந்தது? ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

இதிலும் வத்தலக்குண்டு வருகிறது பாருங்கள். தமிழில் விமரிசனத்துக்கென்றே 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா அந்த ஊர்க்காரர்தான். சொந்தக் காசைப் போட்டு நடத்தினார், புத்தகங்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவருடைய அக்கறை வேறு. இலக்கியம் எது என்று தேடியவர்களுக்கு, மாமியார் தூங்கிய பிறகு நாற்பது வாட்ஸ் பல்பில் படிக்கப்படும் கதையைப் பற்றிப் பேச நேரமில்லை. குப்பை என்று ஒரு சொல்லில் முடித்தவர்களும் உண்டு.

மதிப்புரை எழுதியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். லைப்ரரி புத்தகத்தின் ஓரங்களில்.

என் நோட்டில் அந்தப் பென்சில் குறிப்புகளையும் எழுதி வைத்திருந்தேன். "அருமை. இரண்டு முறை படித்தேன்." அதன் கீழே வேறு கையெழுத்தில், "எனக்குப் பிடிக்கவில்லை. கதாநாயகிக்கு ரோஷமே இல்லை." கதாநாயகன் கன்னத்தில் அறையும் பக்கத்தில், "அடித்தவனை எப்படி மன்னித்தாள்?" என்று ஒருத்தி. அதற்கு இன்னொருத்தி, "கதையில்தான் மன்னிப்புக் கேட்கிறான், வீட்டில் கேட்பானா?" என்று பதில். ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, "அழ விருப்பமில்லாதவர்கள் எடுக்க வேண்டாம்" என்று எச்சரிக்கை. லைப்ரரிக்காரர் திட்டித் திட்டி அழிப்பார். அடுத்த வாரம் மறுபடி இருக்கும்.

இந்தப் பெண்கள் கதையை நம்பி ஏமாந்தவர்கள் என்று சொல்கிறவர்கள் இந்த ஓரங்களைப் படித்ததில்லை. நாங்கள் ஒவ்வொரு ஆணையும் எடைபோட்டோம். கோபக்காரன் திருந்துகிறானா, அவள் வேலையை மதிக்கிறானா, கூட்டத்தில் அவளை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறானா. பணம் கடைசிக் கேள்வி.

பல வருடம் கழித்து என் பேத்தி ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பேராசிரியை 1984இல் வெளியிட்டது. ஓர் ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறார். ஊரின் பெயரை மறைத்து ஸ்மித்டன் என்று எழுதினார். அங்கே புத்தகக் கடையில் வேலை செய்த பெண்மணி ஒருவர், எந்த நாவல் நன்றாக இருக்கிறது, எது மோசம் என்று தாமே மதிப்பிட்டுச் செய்தி மடல் போட்டு வந்தார். பெண்கள் அவரை நம்பித்தான் வாங்கினார்கள். சிலர் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் எடுப்பார்களாம். படிக்கும் நேரம் ஒன்றுதான் கணவனுக்கும் பிள்ளைக்கும் பங்கு போகாத நேரம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டபோது, மூஞ்சிக்கல்லும் அமெரிக்காவும் அடுத்தடுத்த தெரு என்று தோன்றியது.

இனி என் மாமியார். பண்ணைக்காட்டுக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர். முதல் தடவை நான் படிப்பதைப் பார்த்தவுடன் கேட்டார்: "புருசனைப் பறிகுடுத்தவளுக்குக் காதல் கதை ஒரு கேடா?" நான் பதில் சொல்லவில்லை. தேர்வுக்குத்தான் அத்தை என்று சொல்லியிருக்கலாம். அது முழு உண்மை இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

உரக்க வாசித்தால் உச்சரிப்பு வரும் என்று அக்கா சொன்னதால் இரவில் வாய்விட்டுப் படிப்பேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். ஒரு நாள் பாதியில் நிறுத்தி விளக்கை அணைத்தேன். இருட்டில் குரல் வந்தது: "அந்தப் பயலுக்குப் புத்தி வந்துச்சா இல்லையா?" அன்றிலிருந்து நாங்கள் இருவரும் வாசகர்கள்.

1982. குறிஞ்சி பூத்த வருடம். குறிஞ்சி ஆண்டவர் கோவில் பக்கமெல்லாம் ஜனக்கூட்டம். அந்த ஆண்டுதான் நா.பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வாசித்தேன். 1960இல் கல்கியில் வந்தது. மணிவண்ணன் என்ற புனைபெயரில் எழுதினார். நம் கோடைக்கானலும் வருகிறது, குறிஞ்சிப் பூவும் வருகிறது. தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க.ஸ்டாலின். காதல் கதைகளில் பெரியவர்கள் மெச்சிய கதை இது. முடிவில் அரவிந்தன் இறந்துவிடுகிறான். பூரணி மணம் செய்துகொள்ளாமலே அவன் நினைவில் வாழ்கிறாள்.

வாசித்து முடித்தபோது என் குரல் அடைத்துவிட்டது. மாமியார் எழுந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பேனா அவர் கையிலதான இருந்துச்சு. அந்தப் புள்ள வாழட்டும்னு எழுதுனா மை தீந்துருமா?"

நா.பா. மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அழகான தமிழ், என் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியது அவருடைய வாக்கியங்களைத்தான். ஆனால் அந்த இராத்திரி ஒன்று புரிந்தது. பெண் இழந்துவிட்டு நின்றால் அது இலக்கியம். அவளுக்கு நல்லது நடந்தால் அது பன்னீர். இழந்து நிற்பது எப்படி என்று எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும். மாமியாரும் முப்பது வயதில் தாலியை இழந்தவர்தான். தெரிந்ததையே திரும்பச் சொல்லும் கதைக்கு வாடகை கொடுக்க அவர் தயாராக இல்லை. மறுநாள் காலையில் அவரே சில்லறையை எடுத்து நீட்டினார். "சேர்ந்து வாழுற கதையாப் பாத்து எடுத்துட்டு வா."

இப்போது லைப்ரரி இருந்த இடத்தில் சாக்லேட் கடை. இளம்பெண்கள் கைபேசியில் படிக்கிறார்கள். அத்தியாயம் வந்த அன்றே எழுத்தாளருக்கு அபிப்பிராயம் சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான். அழிக்க லைப்ரரிக்காரர் இல்லை.

அதற்குப் பின் 1994, 2006, 2018 என்று மூன்று தடவை குறிஞ்சி பூத்துவிட்டது. மாமியார் இரண்டாவதைப் பார்க்கவில்லை. அவர் சொன்ன மதிப்புரை என் பழைய நோட்டில் தேதியோடு இருக்கிறது. பரணிலிருந்து எடுத்த பைண்டு புத்தகத்தைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். கிழிந்த கடைசிப் பக்கத்துக்காக ஒட்டுத்தாள் ஒன்றும் போடவில்லை. அந்தப் பென்சில் வரியே போதும்.