வேதகலாபனைக் காலத்தில் நம்மைத் தேடி வந்த யோசப் வாஸ் முனிவர்

ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய குருக்களின் பெயர்களும், மணிக்கோபுரம் எழும்பிய ஆண்டுகளும் தவறாமல் இடம்பெறும். இம்மலரிலும் பிற பக்கங்களில் அவை உள. ஆயினும், கோவிலும் இல்லை, குருவும் இல்லை என்றிருந்த ஒரு காலம் இலங்கைத் திருச்சபைக்கு உண்டு. அக்காலத்தை நினையாமல் ஜூபிலி கொண்டாடுவது முறையன்று என்பது நம் எண்ணம்.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் யாவரும் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவனுக்கு மரணதண்டனை என்று பறைசாற்றப்பட்டது. கோவில்கள் கல்வீனிய வழிபாட்டு இல்லங்களாயின. இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. இக்காலத்தில் வேதத்தைக் காத்தவர்கள் வீட்டிலே கதவை அடைத்துக்கொண்டு செபமாலை சொல்லிய தாய்மாரும், சாகுந் தறுவாயிலிருந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மூப்பர்மாருமேயாவர். இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், யோசப் வாஸ் முனிவர் வந்து நெருப்பு மூட்டவில்லை. சாம்பலுக்கடியில் கிடந்த தணலையே ஊதினார்.

முனிவர் 1651 ஏப்ரல் 21இல் கோவாவில் பெனோலிம் என்னும் ஊரிலே, கொங்கணி பேசும் பிராமண மரபினரான கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1676இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு, தம்மைத் தேவதாயின் அடிமையென எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தார். கன்னடக் கரையோரத்திலும் சில ஆண்டுகள் உழைத்தார். பின்னர் கோவாவில் சுதேச குருக்கள் சிலரோடு சேர்ந்து ஒரட்டோரியன் சபையை நிலைநாட்டினார். இலங்கைக் கத்தோலிக்கரின் அநாதை நிலை அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஐரோப்பியக் குரு ஒருவர் நிறத்தாலேயே பிடிபட்டிருப்பார். சுதேசியான தம்மால் உள்ளே நுழைய முடியும் என்று அவர் கண்டார்.

தூத்துக்குடியிலிருந்து யோவான் என்னும் பணியாளனோடு புறப்பட்டு, புயலில் அலைந்து மன்னாரை அடைந்து, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். உடம்பில் கூலியாளின் கந்தை. பூசைப் பொருட்கள் மூட்டையில். வந்ததும் வயிற்றுளைச்சல் கண்டு சாகுந்தறுவாயில் கிடந்தார். தொற்றுக்கு அஞ்சி ஊருக்கு வெளியே விடப்பட்ட அவருக்குப் பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து ஊற்றியதாகச் சொல்வர். அவள் பெயரை வரலாறு எழுதவில்லை.

நோய் தேறியதும் பிச்சைக்காரனாக வீடு வீடாகச் சென்றார். யார் கத்தோலிக்கர், யார் ஒற்றர் என்று எப்படி அறிவது? கழுத்திலே செபமாலையை வெளியே தெரியத் தொங்கவிட்டு, அதைக் கண்டவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து நின்றார். எத்தனை துணிவான சோதனை! பலர் முகம் திருப்பிக்கொண்டனர். சிலர் தயங்கினர். இறுதியில் அவர் குருவென்று அறிந்துகொண்டவர்கள் அவரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்துகொண்டு இரவிலே ஊர் ஊராய்ப் போய்ப் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், மந்திரிக்கப்படாத விவாகங்களை மந்திரித்தார், விடியுமுன் திரும்பினார்.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில் நடந்ததைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்த வேளையில் ஒல்லாந்தச் சிப்பாய்கள் பாய்ந்தனர். முனிவர் அகப்படவில்லை, மக்கள் அகப்பட்டனர். கசையடியால் ஒருவர் உயிர்விட்டார். வேறு சிலர் விலங்கிடப்பட்டுக் கடும் உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். மேய்ப்பன் தப்ப, ஆடுகள் அடிபட்டன என்று குறைகூறுவார் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. நாடு முழுவதிலும் இருந்தவர் அவர் ஒரே குரு. அவர் பிடிபட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அதை அம்மக்கள் அறிந்திருந்தனர். ஆயினும், அந்த அடியின் வலியை அவர் தம் உள்ளத்தில் சுமந்தே புத்தளம் நோக்கி நடந்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டது. 1692இல் கண்டிக்குச் சென்றபோது, அரசவையில் இருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக் கல்வீனியர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று கோள் சொன்னார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைக் காவலில் வைத்தான். முனிவரோ காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார், பீடம் அமைத்துப் பூசை வைத்தார். பின்னர் கடும் வறட்சி வந்தபோது அவர் சிலுவை நாட்டிச் செபித்ததும் மழை பொழிந்தது என்பது நம் பிள்ளைகளும் அறிந்த கதை. மன்னன் மனம் இளகி, வேதம் போதிக்க உத்தரவு கொடுத்தான்.

மழையைவிட 1697இல் நடந்தது நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. கண்டியில் வைசூரி பரவிற்று. உற்றாரே நோயாளரைக் காட்டில் விட்டு ஓடினர். முனிவரும், அவருடைய மருமகனாரான யோசப் கார்வாலோ சுவாமியும் வைசூரிக்காரருக்குக் குடிசை போட்டு, கஞ்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தவரைக் குழிதோண்டி அடக்கினர். கத்தோலிக்கரென்றும் பௌத்தரென்றும் பார்க்கவில்லை. நோயை விலக்க மன்னன் தன் அதிகாரத்தால் செய்ய முடியாததை இரு ஏழைக் குருக்கள் கையால் செய்தனர்.

குருக்கள் போதாமையால் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் ஆகியோரைப் பழக்கி, குரு இல்லாத ஞாயிறுகளில் செபம் நடத்தவும், குழந்தைகளுக்கு மந்திரம் படிப்பிக்கவும் ஏற்பாடு செய்தார். நம் பங்குகளில் மூப்பரும் அண்ணாவியாரும் பெற்ற மதிப்புக்கு வேர் இங்கேதான். நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் ஐரோப்பிய மறைபரப்பாளரின் பெயர்களையே அதிகம் மனனம் செய்தோம். இந்த ஆசியக் குருவைப் பற்றிச் சில வரிகளோடு நிறுத்திவிட்டனர். அக்குறை 1995இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோது ஓரளவு நீங்கியது. 2015 ஜனவரி 14 காலையில் பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுத்தாயின் சந்நிதிக்கு வந்தார்.

முனிவர் 1711 ஜனவரி 16இல் கண்டியிலே மரித்தார். அப்பொழுது அவருக்கு வயது 59. கடைசிவரை கால்நடையாய்த் திரிந்த உடம்பு நைந்துபோயிருந்தது. கண்டிக் கோவிலிலே அடக்கம் செய்யப்பட்டார். அக்கோவில் பின்னர் அழிந்துபோயிற்று. கல்லறை இருந்த இடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை.