தளம் பெயர்த்த நிலத்தைப் புல்தரைக்குப் பண்படுத்தல்

சிமென்ட் தளம், பேவர் பிளாக், கடப்பைக்கல் ஆகியவை பாவியிருந்த முற்றத்தில் அவற்றை நீக்கிவிட்டு, புல் வேரூன்றத்தக்க மண்ணை மீண்டும் உண்டாக்கும் பணி இது. கல்லைப் பெயர்ப்பது ஒரு நாள் வேலைதான். பாடெல்லாம் அதன் அடியில் கிடப்பவற்றோடுதான்.

மழைநீர் நிலத்தில் இறங்க வழிவிட வேண்டும் என்பதே தளங்களைப் பெயர்க்கும் ஆர்வத்துக்கு முதன்மைக் காரணம். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் டிபேவ் என்னும் தன்னார்வ அமைப்பு 2008-லிருந்து இதைச் செய்துவருகிறது. அதே ஆண்டு அக்டோபரில், வீட்டு முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, வழியும் நீரைத் தெருவுக்கு விடுவதற்கு இங்கிலாந்து முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் தளக்கல் பெயர்ப்பதே நகரங்களுக்கிடையிலான போட்டியாகிவிட்டது; 2020-ல் அதைத் தொடங்கியவை ராட்டர்டாமும் ஆம்ஸ்டர்டாமும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-லேயே கட்டாயமானது. ஆனாலும் வீட்டைச் சுற்றி ஓர் அடி மண்கூடத் தெரியாமல் பேவர் பிளாக் பதிக்கும் பழக்கம் அதன் பிறகும் பெருகியே வந்திருக்கிறது.

பேவர் பிளாக்கின் கனம் பெரும்பாலும் 60 அல்லது 80 மில்லிமீட்டர். அதன்கீழ் சில சென்டிமீட்டருக்கு எம்-சாண்ட் அல்லது கிரஷர் தூள் இருக்கும். அதற்கும் கீழே திமிசு போட்டு இறுக்கிய ஜல்லிப் படுகை. இவை அனைத்தையும் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். ஜல்லி கிடந்தால் நீர் நன்றாக வடியும் என்று சொல்லி அதை விட்டுவிட்டு மேலே செம்மண் கொட்டுவோர் உண்டு. இது தவறு. நுண்துளை மிக்க மண்ணிலிருந்து பெருந்துளை கொண்ட ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. மேல்மண் ஏறக்குறைய முழுவதும் நனைந்து ஊறிய பிறகுதான் கீழே கசியத் தொடங்கும். ஆகவே மழைக்காலத்தில் வேர் அழுகும். கோடையிலோ அடிமண்ணின் ஈரம் மேலேறி வர வழியிராது.

நம் ஊர்க் கருங்கல் ஜல்லியில் சுண்ணாம்பு அதிகம் இல்லை. தொல்லை தருவது சிமென்ட் காரைதான். காரைத் துண்டுகள் மண்ணின் காரத்தன்மையை உயர்த்துவதால் இரும்புச்சத்து இருந்தும் புல்லால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்துப்போகும். ஐயமான துண்டின் மேல் சில துளி வினிகர் விட்டால், நுரைப்பது காரை. அதைப் பொறுக்கி எடுப்பதற்கு ஈடான மருந்து இல்லை.

அடுத்த தடை, இறுகிய அடிமண். ஆண்டுக்கணக்கில் கார் நின்ற இடத்தில் மண்வெட்டி இறங்காது, கடப்பாரைதான் வேண்டும். குறைந்தது 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கட்டியுடைக்க வேண்டும். மண் சேறாக இருக்கும்போது கொத்தினால் முன்னைவிட மோசமாக இறுகும். பிடித்த உருண்டையை விரலால் தட்டினால் உதிரும் பதம் சரியானது. கடப்பாரை போடுமுன் குடிநீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை இருக்கும் இடத்தைக் கேட்டறிவது உயிருக்கே பாதுகாப்பு. நிலத்தடி நீர்த்தொட்டியான சம்ப்பின் மூடி மண்ணுக்கு அரையடி கீழேயே இருந்தால், அங்கு வேர் ஆழமாக இறங்காததால் புல் சித்திரையில் முதலில் காயும். அந்தப் பகுதியைத் தளமாகவே விட்டுவிடலாம்.

கொத்திய குழியில் ஓரடி ஆழத்துக்கு நீர் நிரப்பி, அது இறங்கியதும் மீண்டும் நிரப்பிப் பார்க்கலாம். மறுநாளும் நீர் நின்றால் அடியில் இன்னும் இறுக்கம் இருக்கிறது. களிமண்ணை இளக்குவதற்குச் சிறிது மணல் சேர்ப்பது பரவலான வழக்கம். ஆனால் குறைவான மணலும் களியும் கலந்தால் கிடைப்பது செங்கல் போன்ற கெட்டிதான். மக்கிய தொழுவுரமும் மட்கிய தென்னை நார்க் கழிவும் இதற்கு ஏற்றவை. மட்காத சாணத்தோடு களை விதைகளும் வந்து சேரும்.

மேல்மண் 15 சென்டிமீட்டராவது வேண்டும். 200 சதுர அடிக்கு அரையடி மண் என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். மண் படியும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே வாங்க வேண்டும். முதல் பங்கைக் கொத்திய அடிமண்ணோடு கலந்துவிட்டு மீதியைப் பரப்பினால் இரண்டுக்கும் இடையே அடுக்குப் பிரிவு ஏற்படாது. தரை வீட்டிலிருந்து விலகிச் சரிய வேண்டும்: மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும். சுவரின் ஈரத்தடுப்பு மட்டத்துக்கு மேல் மண் ஏறக்கூடாது. ஏறினால் சுவர் ஓதம் காக்கும்.

புல் பதிக்கும் அவசரத்தில் பலர் தாண்டிவிடும் கட்டம் களை எடுப்பு. சமன்செய்த மண்ணுக்கு நீர் விட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால் விதைகள் முளைத்துவிடும். பிடுங்கிவிட்டு மறுபடியும் நீர் விட வேண்டும். கோரை மட்டும் இதற்கு அடங்காது. அதன் கிழங்குகள் ஆழத்தில் சரம்சரமாகக் கோத்திருக்கும்; மேலே பிடுங்கினால் பக்கத்தில் முளைக்கும். கிழங்கோடு தோண்டி எடுப்பதே வழி. வாங்கும் செம்மண்ணில் கோரைக்கிழங்கு இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பார்ப்பது அதைவிட மேல்.

வெயில் படும் இடத்துக்கு அருகு வகைகளும், ஓரளவு நிழலுக்கு எருமைப்புல்லும் ஏற்றவை. கொரியன் புல் அழகாகப் படர்ந்தாலும் மெதுவாகத்தான் மூடும். வடகிழக்குப் பருவமழையின் கனமழைக்கு முன்பே வேர் பிடிக்கும்படி ஆடி, ஆவணியில் பதிப்பது நல்லது. முதல் மழைக்காலம் முடிந்ததும் தரை ஆங்காங்கே அமுங்கியிருக்கும். அந்தப் பள்ளங்களைச் சலித்த மண்ணால், ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல், புல்நுனி வெளியே தெரியும்படி நிரப்ப வேண்டும்.