ரங்கராஜ், ஏ. ஜி.: பாராசூட் மருத்துவரும் பதக்கங்களும்

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் இந்திய ராணுவ மருத்துவர். பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். கொரியப் போரில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமையேற்று மகாவீர் சக்கரம் பெற்றார். அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் ஆற்காடு, காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே போனால் வரும் ஊர்தான். போர்க்கள வீர விருது என்றதும் எதிரியை வீழ்த்திய கதையைத்தான் எதிர்பார்ப்போம். ரங்கராஜின் விருதோ, குண்டடிபட்டவர்களைப் பிழைக்க வைத்ததற்காகக் கிடைத்தது.

இந்தியாவில் 50ஆவது பாராசூட் பிரிகேடு 1941 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதன் மூன்று பட்டாலியன்களில் 152ஆவது பட்டாலியன் இந்திய வீரர்களுடையது. லெப்டினன்டாக இருந்த ரங்கராஜ் அதன் மருத்துவ அதிகாரி. அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் என்று பாராசூட் ரெஜிமென்ட்டின் வரலாறு சொல்கிறது. இந்த பிரிகேடு 1944 மார்ச்சில் மணிப்பூரின் சாங்ஷாக்கில் ஜப்பானியரை எதிர்த்துப் பெரும் இழப்போடு போரிட்டது. கொஹிமா, இம்பால் அளவுக்கு அந்த ஊர்ப் பெயர் பரவவில்லை. அங்கே கிடைத்த சில நாள் அவகாசம் கொஹிமாவைக் காப்பாற்ற உதவியது என்பது ராணுவ வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தபோது போரிடும் படையை அனுப்புவதில்லை என்று நேரு அரசு முடிவு செய்தது. ஐ.நா.வின் வேண்டுகோளை ஏற்று மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. முந்நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட 60ஆவது பிரிவு நவம்பர் 20 அன்று பூசான் துறைமுகத்தில் இறங்கியது. ஒரு பகுதி ரங்கராஜின் கீழ் 27ஆவது காமன்வெல்த் பிரிகேடுடன் முன்னணிக்குப் போனது. மேஜர் என். பி. பானர்ஜி தலைமையில் இன்னொரு பகுதி டேகு நகரில் தங்கி, கொரிய ராணுவத்தினருக்கும் பொதுமக்களுக்கும் சிகிச்சையளித்தது.

வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே சோதனை. சீனப் படைகள் உள்ளே புகுந்ததால் டிசம்பர் தொடக்கத்தில் பியோங்யாங்கைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிரிவிடம் போதிய வண்டிகள் இல்லை. மருந்துகளையும் அறுவைச் சிகிச்சைக் கருவிகளையும் விட்டுவிட்டுப் புறப்படலாம். ஆனால் கருவி இல்லாத கள மருத்துவமனையால் யாருக்கு என்ன பயன்? ரங்கராஜ் விட்டுவர மறுத்தார். கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். வீரர்கள் வரிசையில் நின்று வாளி வாளியாக நீரைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் ரயில் ஆற்றைக் கடந்தது. பதக்கக் கதைகளில் அடுத்து வரும் மன்சான் பாராசூட் குதிப்புக்கே முதலிடம் தருவார்கள். இந்த ரயில் இல்லையென்றால் அந்தக் குதிப்புக்கு வழியே இருந்திருக்காது என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

1951 மார்ச் 23 அன்று இம்ஜின் ஆற்றை ஒட்டிய மன்சானில், அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படையினர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வானிலிருந்து குதித்தனர். டோமஹாக் என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் 12 பேர் கொண்ட இந்திய மருத்துவக் குழுவும் ரங்கராஜோடு இறங்கியது. தரையில் கூடாரம் அமைத்து நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தது. சுதந்திர இந்தியாவின் வீரர்கள் போர்க்களத்தில் பாராசூட்டில் இறங்கியது அதுவே முதல்முறை. பலரும் அறிந்த, வங்கதேசப் போரின் டாங்கைல் குதிப்பு நடந்தது 1971 டிசம்பரில்தான். ரங்கராஜின் பிரிவினர் அணிந்த மெரூன் நிறத் தொப்பியை வைத்து மெரூன் தேவதைகள் என்றொரு செல்லப்பெயரும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

இந்தப் பிரிவு மூன்றாண்டுக்கும் மேலாகக் கொரியாவில் இருந்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் அதனிடம் சிகிச்சை பெற்றார்கள். அறுவைச் சிகிச்சைகள் மட்டும் சுமார் 2,300. ரங்கராஜும் பானர்ஜியும் மகாவீர் சக்கரம் பெற்றனர். வீர சக்கரம் பெற்றவர்கள் ஆறு பேர். 1955 மார்ச் 10 அன்று ஆக்ராவில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பிரிவுக்கே ஒரு கோப்பை வழங்கினார்.

மகாவீர் சக்கரம் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டது. போர்க்கால வீர விருதுகளில் பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த நிலையில் உள்ளது. வட்டமான வெள்ளிப் பதக்கத்தின் நடுவே ஐந்து முனை நட்சத்திரம் உண்டு. அதன் மையத்தில் பொன்முலாம் பூசிய அரசுச் சின்னம். பின்புறம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயர், இடையில் இரண்டு தாமரைகள். நாடாவில் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி ஆரஞ்சு. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் கோர்வையில் சேர்வதுபோல இரு நிறமும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். வீர சக்கரத்தின் நாடாவில் வெள்ளைக்குப் பதில் கருநீலம்.

வீர விருது சிலருக்கே கிடைக்கும். போய்வந்த மற்றவர்களின் மார்பில் இருந்தவை சேவைப் பதக்கங்கள். நீலமும் வெள்ளையும் மாறிமாறி வரும் நாடாவில் தொங்கும் ஐ.நா.வின் கொரியச் சேவைப் பதக்கம் ஒன்று. 1960இல் இந்திய அரசு நிறுவிய விதேஷ் சேவா பதக்கம் இன்னொன்று. வெளிநாட்டில் பணியாற்றியவர்களுக்கான இந்த உலோகக் கலவைப் பதக்கத்தின் பின்புறம் ஒரு பழங்காலக் கப்பல் இருக்கும். எந்த நாட்டில் பணி என்பதை நாடாவின் குறுக்கே உள்ள சிறு பட்டை சொல்லும்.

ராணுவத்துக்குப் பிறகு ரங்கராஜ் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணிக்கு ஆலோசகரானார். அங்கே நோயாளியின் அம்மைப் பொருக்கையே எடுத்து மற்றவர்களுக்குக் குத்தும் பழைய வழக்கம் இருந்தது. அதைச் செய்து பிழைத்தவர்களே நோயைப் புது ஊர்களுக்குப் பரப்பினார்கள் என்பதால் தடுப்பூசி போடுவது மட்டும் போதவில்லை. 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டில் பெரியம்மை ஒழிந்தது. உலகளவில் அந்தத் திட்டத்தை நடத்திய டி. ஏ. ஹெண்டர்சன், இருமுனைத் தடுப்பூசி ஊசியைப் பூஜ்ஜியமாக வளைத்துச் செய்த சிறு சட்டை ஊசியைக் களப்பணியாளர்களுக்கு நினைவுப் பொருளாக வழங்கினார். பூஜ்ஜியம் என்றால் நோயாளி இனி இல்லை என்று பொருள். எந்த நாட்டு அரசின் முத்திரையும் இல்லாத அந்த ஊசியும் ஒரு பதக்கம்தான்.

தென்கொரிய அரசு 2020 ஜூலை மாதத்தின் போர் வீரராக ரங்கராஜை அறிவித்துச் சுவரொட்டி வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு கதை. ஆக்ராவில் உள்ள அவரது பிரிவு இன்று 60 பாராசூட் கள மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. 2023 பிப்ரவரியில் நிலநடுக்கம் கண்ட துருக்கியின் இஸ்கெண்டெருனுக்கு 99 பேருடன் போய் மருத்துவமனை நடத்தியதும் அதுவே.

இந்திய ராணுவச் சேவைப் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் படை எண், பதவி, பெயர் ஆகியவற்றைப் பொறிப்பது வழக்கம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கப்பல் பொறித்த பதக்கம் ஏதும் கிடந்தால், பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுமுன் அந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.