நிறம் போச்சு, உப்பு இருக்கு

சாயத்தண்ணீரில் கரித்தூளைப் போட்டுக் கலக்கி வடிகட்டினால் தெளிந்த தண்ணீர் வரும். இது பழைய சங்கதி. 1785-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டோபியாஸ் லோவிட்ஸ் என்ற மருந்தாளர், பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசல் மரக்கரி பட்டதும் தெளிவதைக் கவனித்தார். 1811-ல் பிரான்சின் மோன்பெலியேவில் பியர் ஃபிகியே, எலும்புக் கரி இன்னும் நன்றாக நிறம் எடுக்கும் என்று காட்டினார். சர்க்கரை ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. பாகு வெளுத்தது. பயன்படுத்திய கரியைக் கழுவி, சூளையில் சுட்டு, மறுபடி பயன்படுத்தினார்கள். பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் பெயர் பரப்பு கவர்தல். நிறம் அழிவதில்லை, கரியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, இருநூறு வருஷமாகத் தெரிந்த வித்தை நொய்யலை ஏன் காப்பாற்றவில்லை?

1956-க்குப் போகணும். பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்துச் சரியாக நூறு வருஷம் கழித்து, இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவை பருத்தியோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும், துவைத்தாலும் போகாது. ஆனால் இரண்டு சிக்கல். தண்ணீரில் பருத்தி இழைக்கும் எதிர்மின் தன்மை, சாயத்துக்கும் எதிர்மின் தன்மை, ஒன்றையொன்று தள்ளும். அதைச் சமாளிக்க உப்பைக் கொட்டணும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் போடுவது சகஜம். கடல் தண்ணீரிலேயே சுமார் 35 கிராம்தான்! அப்படியும் ஒரு பங்கு சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து, ஒட்டும் சக்தியை இழந்து கழிவில் போய்விடும்.

திருப்பூர் பனியன் பருத்தி. அதனால் சாயப்பட்டறைக் கழிவில் நிறமும் வந்தது, உப்பும் வந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் மண்ணும் உப்பேறின.

பக்கத்திலேயே கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயம் குழுவினர் மலிவான பொருட்களால் சாயம் நீக்கும் வேலையைப் பல வருஷம் செய்தார்கள். ஆரஞ்சுத் தோல் பற்றிய கட்டுரை 1996-ல் வந்தது, தென்னை நார்க்கழிவுக் கரி பற்றியது 2002-ல். பிறகு உலகம் முழுக்க உமி, மரத்தூள், வாழைத்தோல் என்று கட்டுரைகள் குவிந்தன.

நான் படித்தவற்றில் திரும்பத் திரும்ப வரும் சாயம் மெத்திலீன் நீலம். அது நேர்மின் சாயம். உமியும் மரத்தூளும் எதிர்மின் பரப்பு. ஒட்டாமல் என்ன செய்யும்? திருப்பூர் கழிவில் இருப்பதோ எதிர்மின் சாயம். அதுவும் பருத்தி வேண்டாமென்று விட்ட மிச்சம். பருத்தியில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான் மரத்தூளிலும் பெரும்பங்கு. பருத்தி விட்டதை மரத்தூள் மட்டும் எப்படிச் சுலபமாகப் பிடிக்கும்? அமிலம் சேர்த்தால் ஓரளவு ஒட்டும். பிறகு அந்த அமிலத்தைச் சமன்செய்யக் காரம் ஊற்றணும். அமிலமும் காரமும் சேர்ந்தால்? இன்னும் கொஞ்சம் உப்பு!

கண்ணுக்குத் தெரிவது நிறம். வயலைக் கெடுத்தது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு. உமியும் கரியும் அதைத் தொடுவதே இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது கேட்டது நிறமில்லாத கழிவை அல்ல, கழிவே வெளியே வராத நிலையை. அதற்கு ஆர்.ஓ. சவ்வும், உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் இயந்திரங்களும் தேவைப்பட்டன. செலவு அதிகம்தான். மலிவுக் கரிக்கு அந்த வரிசையில் இடம் உண்டு, சவ்வுக்கு முன்னால் நிறத்தைக் குறைக்கும் உதவியாளாக.

அடுத்த முறை "95 சதவீதம் சாயம் நீக்கம்" என்று செய்தி படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சாயம்? உப்பு என்ன ஆச்சு? சாயம் குடித்த உமியை எங்கே கொட்டினார்கள்? மூன்றாவதற்குச் சர்க்கரை ஆலைக்காரனிடம் சூளை என்ற பதில் இருந்தது. மலிவுப் பொருளை மறுபடி சுட்டுப் பயன்படுத்தப் போனால், மலிவு என்ற சொல்லே அடிபட்டுப்போகிறது.